‘அவருக்குத்தான் ஆங்கிலம் தெரியுமே!’

சென்ற மாதம் எங்கள் வார்டில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, முதியவர் ஒருவரிடம் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசிவிட்டு வந்தாள். அவருடைய பெயரே பிரெஞ்சுப் பெயர். தலைமாட்டில் பிரெஞ்சுப் பிரார்த்தனைப் புத்தகம். “உனக்குப் பிரெஞ்சு தெரியும் என்றுதானே அம்மா உன்னை இங்கே எடுத்தார்கள்?” என்றேன். “அவருக்குத்தான் ஆங்கிலம் நன்றாகத் தெரியுமே, அக்கா” என்றாள். 14 வருடங்களுக்கு முன் நான் சொன்ன வாக்கியம், ஒரு சொல் மாறாமல்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவள். கனடாவில், கிழக்கு ஒன்டாரியோவில் செவிலியராக இருக்கிறேன். கனடா என்றால் கியூபெக்கில் பிரெஞ்சு, மற்ற இடங்களில் ஆங்கிலம் என்றுதான் நம் ஊரில் நினைக்கிறார்கள். கியூபெக்குக்கு வெளியே சுமார் 10 லட்சம் பேர் பிரெஞ்சு பேசும் சிறுபான்மையினராக வாழ்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஒன்டாரியோவில். நியூ பிரன்சுவிக்கின் அக்காடியர்கள், மானிடோபாவில் சென் போனிஃபாஸ் பக்கத்து மக்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வருவார்கள். 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களைக் குடியேற்றத்துக்குத் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் நம்மவர்களும் பிரெஞ்சுத் தேர்வு எழுதி, மதிப்பெண் சான்றிதழோடு வந்து இறங்குகிறார்கள். ஆண்பால் பெண்பால் குழப்பம், உச்சரிப்புத் தடுமாற்றம் போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை ஆறு மாதத்தில் தாமாகச் சரியாகிவிடும். ஆறு வருடமானாலும் போகாத தவறுகள் சில உண்டு.

சாப்பாட்டு வேளை

பிரான்ஸ் நாட்டுப் பாடப்புத்தகத்தில் ‘தெஜெனே’ என்றால் மதிய உணவு, ‘தினே’ என்றால் இரவு உணவு. கனடாவில் ‘தெஜெனே’ காலை உணவு, ‘தினே’ மதிய உணவு, இரவு உணவுக்கு ‘சூப்பே’. சொல் அதேதான், வேளை மட்டும் ஒரு படி தள்ளி நிற்கிறது.

முதல் வருடம், வீட்டுக்குக் கிளம்பும் சர்க்கரை நோயாளி ஒருவரிடம் இரண்டாவது இன்சுலின் ஊசியை ‘தினே’வுக்கு முன் போட்டுக்கொள்ளுங்கள் என்று அழகான பிரெஞ்சில் சொல்லி அனுப்பினேன். நான் நினைத்தது இரவு. அவர் புரிந்துகொண்டது மதியம். காலையில் போட்ட ஊசியின் வேகம் அடங்கும் முன் அடுத்ததும் உள்ளே போயிருந்தால், பிற்பகலில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்திருப்பார். மருந்தகத்துப் பெண் கவனித்துத் தொலைபேசியில் கேட்டதால் தப்பித்தோம். அன்றிலிருந்து வேளையின் பெயரை நான் சொல்வதே இல்லை. காலை எட்டு மணி, மாலை ஆறு மணி, அவ்வளவுதான்.

நெஞ்சா, வயிறா?

‘மால் ஓ கெர்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் இதயத்தில் வலி. பிரெஞ்சுக்காரர் அதைச் சொன்னால் குமட்டுகிறது என்று பொருள். ஈசிஜி இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிய புதியவர்கள் நான்கைந்து பேரைப் பார்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். வயதானவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு சில சமயம் வெறும் குமட்டலாகத்தான் வரும். குமட்டலா என்று உறுதி செய்துகொண்டு, நெஞ்சு எப்படி இருக்கிறது என்பதையும் தனியாகக் கேளுங்கள்.

‘ஆங்கிலம் தெரியுமே!’

இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். அந்த எரிச்சலில் பாதி என் மேல்.

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த 82 வயதுப் பாட்டி ஒருவர். பகலில் என்னிடம் ஆங்கிலத்திலேயே பேசினார். தண்ணீர், போர்வை, நன்றி, எல்லாம் ஆங்கிலத்தில். பிரெஞ்சு பேசுவேன் என்று சொல்லும் வில்லை என் சட்டையில் குத்தியிருந்தது. அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அறுவை சிகிச்சை நடந்த அன்று இரவுப் பணியிலும் நான்தான். வழக்கமான கேள்விகளை ஆங்கிலத்தில் கேட்டேன்: எங்கே இருக்கிறீர்கள், இது எந்த வருடம், என்ன மாதம்? மயக்க மருந்தின் அசதி ஒரு பக்கம், வலி மாத்திரை ஒரு பக்கம், இரவு மூன்று மணி. அரைகுறையாக ஏதோ சொன்னார். வருடம் தப்பாக வந்தது. ‘மனக்குழப்பம் உள்ளது’ என்று கோப்பில் எழுதினேன்.

எழுதிய ஒரு வரிக்கு இவ்வளவு பலம் உண்டு என்று அன்று எனக்குத் தெரியாது. அடுத்த இரண்டு நாட்கள் வந்தவர்கள் எல்லாரும் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் அவரைப் பார்த்தார்கள். பாட்டி வாய்க்குள் எதையோ முனகினால் அது குழப்பம். காலைத் தேய்த்துக்கொண்டு புரண்டால் அது பதற்றம். அதற்கொரு தூக்க மாத்திரை. வீட்டில் தனியாக இருக்க முடியுமா, முதியோர் இல்லம் பார்க்கலாமா என்ற பேச்சு கூடத் தொடங்கிவிட்டது.

மூன்றாம் நாள் காலை, சட்பரியிலிருந்து மகள் வந்தார். அம்மாவும் மகளும் பிரெஞ்சில் பேசினார்கள். பத்து நிமிடத்தில் மகள் வெளியே வந்து என்னிடம் கேட்டார்: “கெண்டைக்காலில் விண் விண்ணென்று தெறிக்கிறது என்று இரண்டு நாளாகச் சொல்கிறாராம். யார் காதிலும் விழவில்லையா?” அந்த முனகல் பிரெஞ்சு. ‘ஸா மேலான்ஸ், ஸா மேலான்ஸ்’ என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். ஆங்கிலத்தில் வலி எவ்வளவு என்று கேட்டபோதெல்லாம் ‘கொஞ்சம்’ என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஸ்கேன் எடுத்தோம். காலில் இரத்தக் கட்டி. அது நுரையீரலுக்கு ஏறாமல் இருந்தது அவருடைய அதிர்ஷ்டம். அதில் எங்கள் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை.

நானே பிரெஞ்சில் தேதி கேட்டேன். தேதியோடு அன்று எந்தப் புனிதரின் திருநாள் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

முதலிலேயே பிரெஞ்சில் பேசியிருக்கலாமே என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் என்னைத் தூங்கவிடவில்லை. “நீ மற்றவர்களோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாய். உனக்கு எதற்குத் தொந்தரவு என்று நினைத்தேன்.”

கேட்க மாட்டார்கள். இதை முதல் நாளே மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிரெஞ்சில் வேண்டும் என்றால் இரண்டு மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள் என்பது அவர்கள் பட்டு அறிந்த பாடம். வம்புக்காரர் என்ற பெயர் வந்துவிடுமோ என்ற கூச்சமும் உண்டு. நடுங்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வருகிற நேரத்தில் யாரும் உரிமைப் போராட்டம் நடத்த மாட்டார்கள்.

போராட்டம் நடக்காமலும் இல்லை. ஒட்டாவாவில் பிரெஞ்சு மொழியில் இயங்கும் மோன்ஃபோர் மருத்துவமனையை மூட வேண்டும் என்று ஒன்டாரியோ அரசு அமைத்த ஆணையம் 1997இல் பரிந்துரைத்தது. அந்த வருடம் மார்ச் 22 அன்று சுமார் 10,000 பேர் ஓர் அரங்கில் திரண்டார்கள். பக்கத்து வானியே நகரின் முன்னாள் மேயர் ஜிசெல் லலோந்த் முன்னே நின்றார். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2001 டிசம்பரில் மருத்துவமனைக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. நான் அங்கே வேலை பார்த்ததில்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் அந்தக் கூட்டத்துக்குப் போய் வந்த கதையைச் சொல்லாத குடும்பம் குறைவு. ஒரு மருத்துவமனைக்காக அன்று அரங்கை நிரப்பிய அதே மனிதர்கள், இன்று கட்டிலில் படுத்துக்கொண்டு ‘எனக்குப் பிரெஞ்சில் சொல்லுங்கள்’ என்று கேட்கத் தயங்குகிறார்கள்.

ஆகவே கேட்கும் பொறுப்பு நம்முடையது. நோயாளி வாய் திறக்கும் முன் நாமே முந்திக்கொண்டு பிரெஞ்சில் சேவை உண்டு என்று சொல்ல வேண்டும். இங்கே இதற்கு ‘முனைந்து வழங்குதல்’ என்ற பொருளில் ஒரு பெயரே இருக்கிறது. ஒன்டாரியோவில் பிரெஞ்சுச் சேவைச் சட்டம் 1986இல் வந்தது. அரசு அலுவலகங்களும் அச்சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்களும் முனைந்து வழங்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டிய விஷயமா இது? செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கதவருகில் நின்று ‘பொன்ஜூர், ஹலோ’ என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் எந்த மொழியில் திரும்பச் சொல்கிறார் என்று கேளுங்கள். புதியவர்கள் இரண்டு சொல்லையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, நிறுத்தாமல் ஆங்கிலத்தில் தொடர்ந்துவிடுகிறார்கள். அதற்குச் சொல்லாமலே இருக்கலாம்.

நமக்கு இது விளங்கவில்லை என்றால் வேறு யாருக்கு விளங்கும்? குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், பிடிப்பு என்று வலிக்கு எத்தனை பெயர் வைத்திருக்கிறோம். கால் குடைச்சலை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் எனக்கே வலிக்கிறது என்றுதான் வரும். அந்தப் பாட்டிக்கும் அப்படித்தான் ‘கொஞ்சம்’ என்று வந்தது. மறதி நோய் வந்தவர்கள் விஷயம் இன்னும் மோசம். பின்னால் கற்ற மொழி பலருக்கு முதலில் கழன்றுவிடும். ஐம்பது வருடம் ஆங்கிலத்தில் வேலை பார்த்தவர் ஒருநாள் பிரெஞ்சுக்கு மட்டும் திரும்பிப் பார்ப்பார். நினைவாற்றல் சோதனையை ஆங்கிலத்தில் வைத்துவிட்டு நோய் முற்றிவிட்டது என்று எழுதினால், அந்த மதிப்பெண் எதை அளந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

நம் பிரெஞ்சு உசத்தி என்ற நினைப்பு

இதிலும் நான் குற்றவாளிதான். நியூ பிரன்சுவிக்கின் தென்கிழக்கில் ‘ஷியாக்’ என்று ஒரு பேச்சு உண்டு. பிரெஞ்சு இலக்கணத்துக்குள் ஆங்கில வினைச்சொற்களை அப்படியே உட்கார வைத்திருப்பார்கள். ஒன்டாரியோ முதியவர்கள் பேச்சிலும் உடம்பு, மருந்து, அலுவலகம் சம்பந்தப்பட்ட சொற்கள் ஆங்கிலத்தில் வரும். ஒரு தாத்தா சொன்ன ஆங்கிலச் சொல்லை, உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, ‘சரியான’ பிரெஞ்சில் திருப்பிச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பிரெஞ்சு பேசவே இல்லை.

அவர் பள்ளிக்குப் போன காலத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது. ஒன்டாரியோவில் 1912 முதல் 1927 வரை பள்ளிகளில் பிரெஞ்சுக்கு ஏறக்குறையத் தடை. அதன் பிறகும், 1968 சட்டம் வரும் வரை, அரசுப் பணத்தில் பிரெஞ்சு உயர்நிலைப் பள்ளி கிடையாது. ஆகவே பிரெஞ்சில் சரளமாகப் பேசும் முதியவர் பிரெஞ்சில் படிக்கத் திணறலாம். பிரெஞ்சுத் துண்டுப் பிரசுரத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று போய்விடாதீர்கள். உட்கார்ந்து வாயால் சொல்லுங்கள், அவர்கள் சொல்லும் சொற்களிலேயே.

பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது

கூடாது. பாட்டியின் புற்றுநோயைப் பத்து வயதுப் பிள்ளை சொல்லக் கூடாது.

கைப்பேசி மொழிபெயர்ப்பு

தண்ணீர் கேட்டால் சரி. ஒப்புதல் படிவத்துக்கு வேண்டாம்.

துப்புரவுப் பணியாளரைக் கூப்பிடுவது

அவருக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதற்காகக் கூப்பிடாதீர்கள். அவர் வேலையை அவர் பார்க்கட்டும்.

கோப்பில் எழுதாமல் விடுவது

நோயாளிக்கு எந்த மொழி வசதி என்று நீங்கள் கண்டுபிடித்தது உங்கள் எட்டு மணி நேரத்தோடு போய்விடக் கூடாது. அடுத்த பணிக்கு வருகிறவர் மீண்டும் ஆங்கிலத்தில் தொடங்குவார், நோயாளியும் மரியாதைக்கு ஆங்கிலத்திலேயே பதில் சொல்வார். ஒவ்வாமை எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே மொழியையும் எழுதுங்கள். பணி மாறும்போது வாயாலும் சொல்லுங்கள்.

மருத்துவக் கோப்பில் எழுதியதை அழிக்கக் கூடாது. அந்தப் பாட்டியைப் பற்றி நான் எழுதிய வரி இன்றும் அங்கேதான் இருக்கிறது. மூன்றாம் நாள், தேதியும் நேரமும் போட்டு, அதற்குக் கீழே திருத்தம் எழுதிக் கையெழுத்திட்டேன்: ‘நோயாளி பிரெஞ்சு பேசுபவர். பிரெஞ்சில் கேட்டபோது பெயர், இடம், தேதி மூன்றையும் சரியாகச் சொன்னார். முந்தைய மதிப்பீடு ஆங்கிலத்தில் செய்யப்பட்டது.’