துபாய் பக்கமா, சிங்கப்பூர் பக்கமா?

"துபாய் ரெண்டரை மணி நேரம்தான், சிங்கப்பூர் ஆறரை மணி நேரமாமே?" என்று திருமங்கலத்துச் சித்தப்பா டிக்கெட்டைப் பார்த்துக் கேட்டார். பலருக்கும் வரும் குழப்பம்தான் இது. உண்மையில் மதுரையிலிருந்து இரண்டுமே சுமார் 3,000 கிலோமீட்டர். நேராகப் பறந்தால் ஏறத்தாழ 4 மணி நேரம்.

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் நம்ம ஊர்க் கணக்கு, இறங்கும் நேரம் அந்த ஊர்க் கணக்கு. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். பகல் 12-க்குக் கிளம்பினால் துபாயில் 2.30-க்கே இறங்கியதாகக் காட்டும். சிங்கப்பூரில் மாலை 6.30 ஆகியிருக்கும். இறங்கும் நேரத்தை முதலில் நம்ம ஊர் நேரத்துக்கு மாற்றி, அப்புறம் கழித்துப் பாருங்கள்.

லண்டன் என்றால் இன்னொரு சிக்கல். அங்கே மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அந்த மாதங்களில் வித்தியாசம் நாலரை மணி, மற்ற மாதங்களில் ஐந்தரை. திரும்பி வரும்போது பயணம் கொஞ்சம் குறைவாக இருக்கும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும்.

தோராயக் கணக்கு வேண்டுமா? கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னையிலோ கொழும்பிலோ மாறி ஏறுவதாக இருந்தால் அந்தக் காத்திருப்பு தனி. மதுரை விமான நிலையம் இருக்கும் பெருங்குடிக்குப் போய்ச்சேரும் நேரமும் தனிதான், சித்தப்பா!