அம்மாவின் கணக்கு நோட்டை எப்படிப் படிப்பது

எழுபதுகளின் தொடக்கத்தில் நம் வீடுகளில் என்ன விலை, என்ன வாழ்க்கை என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள். "அப்பல்லாம் எல்லாம் சல்லிசு." அது உண்மையில்லை. உங்கள் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ அந்தக் காலத்து வீட்டுக் கணக்கு நோட்டு ஒன்று கிடந்தால், அதைச் சரியாகப் படித்துப் பாருங்கள், தெரியும். எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றில் முப்பத்தோரு வருஷம் கணக்கு எழுதியவள். வீடு மதுரை. அப்பா மில் தொழிலாளி. அம்மா அஞ்சாம் வகுப்புவரை படித்தவர். 1970 முதல் 1975 வரை அவர் எழுதிய ஏழு நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன.

முதல் விஷயம், ஈரத்துணி படக்கூடாது. நோட்டின் மேல் அரை அங்குலத் தூசி இருந்தாலும் காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் மட்டும் தட்டுங்கள். அந்தக் காலத்தில் பல வீடுகளில் மைப் பென்சிலால்தான் கணக்கு எழுதுவார்கள். பார்க்கச் சாதாரணப் பென்சில் போலவே சாம்பல் நிறத்தில் இருக்கும், ஈரம் பட்டால் ஊதாவாக மாறும். அம்மா அதை நாக்கு நுனியில் தொட்டுத் தொட்டு எழுதுவார்; ராத்திரி கணக்கு முடியும்போது நாக்கில் ஒரு ஊதாப் புள்ளி இருக்கும். இது தெரிந்திருந்தும் நான் அவசரத்தில் ஒரு பக்கத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டேன். 1972 தை மாதத்தில் ஒரு வாரம் முழுக்க ஊதாக் குளமாகிவிட்டது. அந்த வாரத்தை இனி யாராலும் படிக்க முடியாது. செல்லோ டேப் ஒட்டுவதும் லேமினேஷன் போடுவதும்கூட வேண்டாம். எல்லாப் பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துவிட்டு, ஒரு புது நோட்டில் பார்த்து எழுதுங்கள். குறிப்பு, சந்தேகம் எதுவானாலும் அந்த நகல் நோட்டில்தான் எழுத வேண்டும்.

அடுத்தது எழுத்தும் குறியும். பக்கத்தின் தலையில் உ என்று இருந்தால் அது பிள்ளையார் சுழி, இரண்டு என்ற எண்ணாக எடுத்துக் கூட்டிவிடாதீர்கள். வீட்டு நோட்டைவிடக் கடைக்காரர் கொடுத்த பற்று நோட்டில்தான் பழைய குறிகள் அதிகம். ௳ என்றால் தேதி, ௴ மாதம், ௵ வருஷம். ௶ பற்று, ௷ வரவு. ௸ என்றால் மேற்படி, அதாவது மேல் வரியில் உள்ள சாமானே மறுபடியும். ௹ ரூபாய். இந்த ஏழும் பிடிபட்டால் பாதி நோட்டு திறந்துகொள்ளும்.

மீதிப் பாதி, எழுதியவரின் சொந்தச் சுருக்கம். எங்கள் அம்மாவுக்குச் சீமெண்ணெய் சீ.எ., கடலை எண்ணெய் க.எ., நல்லெண்ணெய் ந.எ. சலவைக் கணக்கில் வே 4, ச 3, பா 2 என்றால் வேட்டி, சட்டை, பாவாடை. ப.சீ. 1-00 என்று மாதா மாதம் ஒரு வரி வரும். நான் பால் சீட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். அது பரிசுச் சீட்டு. 1968ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது அரசு தொடங்கிய லாட்டரி, சீட்டு ஒரு ரூபாய். "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று ஊரெல்லாம் சொன்ன சீட்டு. எங்கள் நோட்டில் வரவுப் பக்கத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

காசை அணாவாக நினைத்துப் படிக்கப் பழகுங்கள். பைசாக் கணக்கு 1957 ஏப்ரல் முதல் தேதியே வந்துவிட்டது. 1964ல் நயா என்ற அடைமொழியும் போய்விட்டது. ஆனாலும் எழுபதுகளில் பெரியவர்கள் வாயில் அணாதான். 0-6 என்று இருந்தால் அறுபது பைசா என்று எடுக்காதீர்கள், அது ஆறு பைசா, ஓரணா. ரூபாய்க்குப் பதினாறு அணா. 12 என்றால் இரண்டணா, 19 மூணணா, 37 ஆறணா, 62 பத்தணா. 37, 62 என்று வினோதமான எண்கள் வந்தால் அந்தச் சாமானை அணாவில் பேரம் பேசி வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கீரைக்காரி, பூக்காரி, மண்சட்டி விற்கிறவர் என்று வாசலுக்கு வந்தவர்களிடம். முழு எண்ணாக 25, 50, 75 வந்தால் பெரும்பாலும் கடை.

அளவில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். கடையில் கிலோ வந்துவிட்டது, சந்தையில் வீசையும் பலமும் போகவில்லை. ஒரு வீசை நாற்பது பலம், ஏறத்தாழ 1 கிலோ 400 கிராம். பலம் 35 கிராம். "புளி 10 பலம்" என்றால் 350 கிராம். படிக் கணக்குக்கு இப்படி ஒரே பதில் சொல்ல முடியாது, ஊருக்கு ஊர் படி வேறு. 1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று கேட்டிருப்பீர்கள். அது சென்னைப் படி. உங்கள் வீட்டில் பழைய படி இருந்தால் அதில் அரிசியை நிரப்பி, விரலால் தலை தட்டி, எடை போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டுப் பித்தளைப் படி 1 கிலோ 340 கிராம் பிடிக்கிறது. அதை வைத்துத்தான் 1971ல் "அரிசி 1 படி 1-80" என்ற வரியைக் கிலோ 1 ரூபாய் 34 பைசா என்று என்னால் சொல்ல முடிந்தது. படி இல்லையென்றால் ஆழாக்கு போதும், எட்டு ஆழாக்கு ஒரு படி. அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்லும் பழக்கம் உண்டு. நோட்டில் "லா, 2, 3" என்று இருந்தால் மொத்தம் மூன்று படி.

தேதி இல்லாத பக்கங்கள்தான் பெரிய தலைவலி. தமிழ் வருஷப் பெயர் ஏதாவது ஒரு மூலையில் இருக்கிறதா என்று பாருங்கள். 1970 சித்திரை முதல் வரிசையாகச் சாதாரண, விரோதகிருது, பரிதாபி, பிரமாதீச, ஆனந்த, 1975ல் ராட்சச. வருஷம் முழுதாக எழுதாமல் "பரி" என்று மட்டும் இருக்கலாம். அதுவும் இல்லையென்றால் தபால் செலவைத் தேடுங்கள். எங்கள் நோட்டில் ஒரு கிழிந்த தாளில் "இன்லண்டு 15, அகதி 5" என்று இருந்தது. அந்த ஐந்து பைசா வங்கதேச அகதிகளுக்காகக் கடிதங்களின் மேல் போட்ட வரி. குடும்பக் கட்டுப்பாட்டு ஸ்டாம்பின் மேலேயே அச்சடித்து முதலில் விற்றார்கள். 1971 நவம்பர் 15ல் தொடங்கி 1973 மார்ச்சோடு முடிந்தது. ஆக அந்தத் தாள் இந்தப் பதினாறரை மாதத்துக்குள்தான் இருக்க முடியும். ஒரு ஐந்து பைசாதான் இவ்வளவையும் சொல்கிறது.

சினிமாவும் உதவும், ஆனால் ஒரு பக்கத்து எல்லைதான் கிடைக்கும். "உ.சு.வா. 4 பேர் 1-60, முறுக்கு 0-20" என்று ஒரு வரி. உலகம் சுற்றும் வாலிபன் வெளிவந்தது 1973 மே 11. அதற்கு முந்தைய பக்கமாக இருக்க முடியாது, அவ்வளவுதான். முதல் வாரக் கூட்டத்தில் நாலு பேர் தரை டிக்கெட் வாங்கியிருக்கவும் முடியாது. பக்கத்து வரியில் "நோட்டு, ஸ்லேட்டு" இருந்ததால் பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் என்று வைத்துக்கொண்டேன்.

ரேடியோவைக் கண்டுபிடிக்க "ரேடியோ" என்று தேடினால் கிடைக்காது. பேட்டரி என்று தேடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் 1971ல் தவணையில் வந்தது. தபால் ஆபீசில் வருஷத்துக்குப் பதினைந்து ரூபாய் லைசென்ஸ் கட்டிய வரி ஒன்று உண்டு, அதன் பிறகு பேட்டரி, பேட்டரி, பேட்டரி. ஒரு ஜோடி சாதாரணமாக ஒன்றரை மாதம் வந்திருக்கிறது. காலையில் இலங்கை வானொலியில் பொங்கும் பூம்புனல். மதுரையில் அது உள்ளூர் நிலையம் போலத் தெளிவாகக் கேட்கும். பிறகு ராத்திரிச் செய்தி, அதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் 1971 டிசம்பரில் ஒரே மாதத்தில் மூன்று ஜோடி வாங்கியிருக்கிறார்கள். டிசம்பர் 3லிருந்து 16 வரை பாகிஸ்தானோடு போர். அப்பா வேலை முடிந்து வந்ததும் திண்ணையில் டிரான்சிஸ்டரை வைக்க, தெருவே அதைச் சுற்றி நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மாவின் நோட்டில் போர் என்ற சொல் கிடையாது. பேட்டரி 3 ஜோடி என்று மட்டும் இருக்கிறது.

இப்போது முக்கியமான வேலை. எந்த விலையையும் இன்றைய விலையோடு நேராக வைத்துப் பார்க்காதீர்கள். முதலில் வரவுப் பக்கத்தைத் திறந்து சம்பளத்தைக் கண்டுபிடியுங்கள். அப்பாவின் சம்பளம் 1972ல் 231 ரூபாய் 40 பைசா. 26 நாளுக்கு வகுத்தால் நாள் கூலி 8 ரூபாய் 90 பைசா. கடலை எண்ணெய் கிலோ 5-20. அதாவது எட்டு மணி நேர ஷிப்டில் நாலரை மணி நேரத்துக்கு மேல் மிஷின் முன்னால் நின்றால்தான் ஒரு கிலோ எண்ணெய். இப்போது உங்கள் ஒரு நாள் சம்பளத்தில் எத்தனை கிலோ எண்ணெய் வாங்கலாம் என்று போட்டுப் பாருங்கள். அதன் பிறகு சல்லிசு என்ற சொல் வாயில் வராது.

தங்கத்துக்கும் இதையே செய்யுங்கள். 1971ல் பத்து கிராம் சராசரி ஏறத்தாழ 193 ரூபாய். ஒரு பவுன் 154. அப்பாவின் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. 1974ல் பத்து கிராம் ஏறத்தாழ 506, பவுன் 405. அப்போது அப்பாவின் சம்பளம் 310. ஒரு மாதம் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலும் ஒரு பவுன் வாங்க முடியாது. அந்த வருஷம்தான் அக்காவுக்கு வரன் பார்த்தார்கள்.

1973க்குப் பிறகான பக்கங்களை மெதுவாகப் படியுங்கள். அதற்கு முந்தைய வருஷம் நாடு முழுக்க மழை பொய்த்தது. 73 அக்டோபருக்குப் பிறகு சில மாதங்களில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் நாலு மடங்கானது. நாட்டில் மொத்த விலைகள் 1973-74ல் இருபது சதவீதமும் 1974-75ல் இருபத்தைந்து சதவீதமும் ஏறின. 1974 ஜூலையில் மத்திய அரசு கட்டாய வைப்பு என்று கொண்டுவந்து, கூடும் பஞ்சப்படியில் பாதியைப் பிடித்துவைத்தது. நோட்டில் "பிடித்தம்" என்று புதிதாக ஒரு வரி முளைத்தால் அதுதான்.

ஆனால் விலை ஏறியதை விலைப் பத்தியில் மட்டும் தேடினால் பாதிதான் தெரியும். அளவுப் பத்தியைப் பாருங்கள். 1971ல் "க.எ. 1 கிலோ". 1973 ஐப்பசியில் "க.எ. 500". 1974 ஆவணியில் அளவே இல்லை, "எண்ணெய் 0-25" என்று மட்டும் இருக்கிறது, அதுவும் நாள் தவறாமல். கையில் பணம் இருக்கிறவர் எடை சொல்லி வாங்குவார். இல்லாதவர் காசைச் சொல்லி வாங்குவார். "நாலணாவுக்கு எண்ணெய்" என்று நானேதான் கிண்ணத்தோடு போய் நின்றிருக்கிறேன். கடைக்காரர் தகரக் குவளையால் மொண்டு ஊற்றிவிட்டு, அதன் விளிம்பில் தொங்கும் கடைசிச் சொட்டுக்காகச் சற்று நிதானிப்பார். எனக்காகத்தான் அந்த நிதானம். அப்போது அது எனக்குப் புரியவில்லை.

நின்றுபோன வரிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் நோட்டில் முதலில் நின்றது ப.சீ. பிறகு சினிமா. பிறகு சலவைக் கணக்கு. அம்மாவே துவைக்கத் தொடங்கிவிட்டார். சீமெண்ணெய் வரி குறைந்து "மரத்தூள் 1 மூட்டை" வந்தது. தகர அடுப்பின் நடுவில் பாட்டிலை நிறுத்திச் சுற்றிலும் மரத்தூளை இடித்து நிரப்பி, பாட்டிலை உருவி எடுத்தால் நடுவில் குழாய் போல ஓட்டை நிற்கும். கீழே ஒரு சுள்ளியைக் கொளுத்தினால் மூன்று மணி நேரம் எரியும். காப்பித்தூள் 1974ல் பாதியானது, நிற்கவில்லை.

மொய் நோட்டு தனியாக இருந்தால் அதைத் தனியாகவே வையுங்கள். அது பணக் கணக்கைவிட உறவுக் கணக்கு, வேறு விதமாகப் படிக்க வேண்டும்.

கடைசியாக, நோட்டை எடுத்துக்கொண்டு அந்தக் காலத்தில் உங்கள் வீட்டில் இருந்த ஒரு பெரியவரிடம் உட்காருங்கள். "அப்ப அரிசி என்ன விலை?" என்று கேட்காதீர்கள், அது நோட்டிலேயே இருக்கிறது. "கடைக்கு யார் போனது? கடன் யார் கேட்டது? இந்த எழுத்து என்ன?" என்று கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள்.

என் நோட்டுகளில் எல்லா மாதமும் முதல் வாரத்தில் "மே 2-00" என்று ஒரு வரி. மேற்படி என்று பார்த்தேன், பொருந்தவில்லை. மேஸ்திரி, மேசை என்று என்னென்னவோ யோசித்தேன். போன வருஷம் சித்தியிடம் காட்டினேன். சித்திக்கு எண்பத்தொன்று. கண்ணாடி போடாமலே சொல்லிவிட்டார்.

"அது மேலூருடி. உங்க அம்மாச்சிக்கு மாசம் ரெண்டு ரூவா குடுத்து அனுப்புவா அக்கா. உங்க அப்பாவுக்குத் தெரியாது. பேரு எழுதுனா கேப்பாருன்னு ஓரெழுத்தா எழுதி வச்சிருக்கா."

வீட்டுக்கு வந்து 1974 ஆவணியைத் திறந்து பார்த்தேன். எண்ணெய் 0-25. எண்ணெய் 0-25. மே 2-00. நகல் நோட்டில் அந்த வரிக்கு நேராக மேலூர் என்று எழுதினேன்.