ஐந்து புளியங்கொட்டையில் கூட்டல் பாடம்

புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் வெள்ளை தெரியும்வரை சொரசொரப்பான தரையில் தேய்த்துவிடுங்கள். தாயக்கட்டம் ஆடத் தேய்ப்போமே, அதேதான். பிள்ளைக்கு ஐந்து கொட்டை கொடுத்து உருட்டச் சொல்லுங்கள். வெள்ளை எத்தனை, கறுப்பு எத்தனை? இரண்டும் மூன்றும் ஐந்து. அடுத்த உருட்டலில் ஒன்றும் நான்கும் ஐந்து. அப்படியே சிலேட்டில் எழுதட்டும்.

கொட்டை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நிறம் மட்டுமே மாறுகிறது. ஓர் எண்ணை எப்படியெல்லாம் பிரிக்கலாம் என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். அது பிடிபட்டால் கழித்தலும் பாதி வந்த மாதிரி: கறுப்பைக் கையால் மூடி, மறைந்தது எத்தனை என்று கேளுங்கள். செலவும் இல்லை. சேலத்தில் புளி குத்தும் பருவத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் கை நிறையக் கொடுப்பார்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்கள் காப்பிக்கொட்டையை எடுக்கலாம். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு, தேய்க்கும் வேலையே இல்லை. ஆனால் ரொம்பச் சிறிசு.

எதையும் வாயிலும் மூக்கிலும் போடும் வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டுமே வேண்டாம். பத்துக்கு மேற்பட்ட எண்களுக்கும் இது ஒத்துவராது. அதற்கு ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவதே சரி.