ஐபோன், ஆப்பிள் வாட்சிலிருந்து கேலக்ஸிக்கு: எதை முதலில், எதைக் கடைசியில்

புதுப் போன் கைக்கு வந்ததும் நாம் செய்வது ஒன்றுதான்: டப்பாவைப் பிரித்து, சிம்மைப் போட்டு, வாட்ஸ்அப்பை இறக்குவது. ஐபோனிலிருந்து சாம்சங்குக்கு வந்தபோது நானும் அதையே செய்தேன். பழைய அரட்டைகள் வரவில்லை. புதுப் போனை மொத்தமாக அழித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அப்புறம் அக்காவுக்கு மாற்றிக் கொடுத்தபோது வரிசையை எழுதி வைத்துக்கொண்டு செய்தேன். அந்த வரிசைதான் இது.

வாங்கும் முன்

ஆப்பிள் வாட்ச் ஐபோனோடு மட்டுமே வேலை செய்யும். 2021இல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதல் சாம்சங் வாட்சுகள் ஆண்ட்ராய்டோடு மட்டுமே. ஆக, போனை மாற்றினால் வாட்சும் மாறியே ஆகவேண்டும். இரண்டுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். இன்னொன்று: கேலக்ஸி வாட்சில் ஈசிஜி பார்க்க சாம்சங் போன்தான் வேண்டும். வேறு ஆண்ட்ராய்டு போன் வாங்குவதாக இருந்தால் கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

ஒரு வாரம் முன்பே: படங்கள், உடல்நலப் பதிவுகள்

ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுடில் உள்ள படங்களின் நகலை கூகுள் போட்டோஸுக்கு அனுப்ப ஆப்பிளே வழி வைத்திருக்கிறது. பிரைவசி.ஆப்பிள்.காம் தளத்தில் உள்நுழைந்து, தரவின் நகலை மாற்றும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். மூன்று முதல் ஏழு நாள் ஆகும், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். கூகுளில் இலவச இடம் 15 ஜிபிதான். படங்கள் அதற்கு மேல் இருந்தால் கூடுதல் இடம் வாங்கவேண்டும்.

ஹெல்த் செயலியில் மேலே உங்கள் படத்தைத் தொட்டுக் கீழே இறங்கினால், எல்லாப் பதிவுகளையும் ஏற்றுமதி செய்யும் வழி இருக்கும். ஒரு ஜிப் கோப்பு கிடைக்கும். சாம்சங் ஹெல்த் அதை நேராக எடுத்துக்கொள்ளாது. அன்றாட நடை, உடற்பயிற்சி இலக்கைக் காட்டும் ஆப்பிள் வாட்சின் வளையங்களை இத்தனை வருடமாக மூடிவந்ததற்கு இத்தோடு கும்பிடு, புது வாட்சில் பூஜ்யத்திலிருந்துதான். ஈசிஜி பதிவுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பிடிஎஃப் ஆக்கித் தனியே வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் காட்ட அதுதான் உதவும், ஜிப் கோப்பு அல்ல.

மாற்றும் நாள்: முதலில் வாட்ஸ்அப்

புதுப் போன் கடையிலிருந்து வந்த நிலையிலேயே இருக்கவேண்டும், அல்லது முழுதாக அழிக்கப்பட்டிருக்கவேண்டும். ஒயர் இல்லாமல் இது நடக்காது. ஐபோன் 15 முதல் இரண்டு முனையும் டைப்-சி உள்ள ஒயர் போதும். அதற்கு முந்தைய ஐபோன் என்றால் ஒரு முனை லைட்னிங்காக இருக்கவேண்டும். இரண்டு போனிலும் நன்றாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள்.

சாம்சங்கை ஆன் செய்து, அமைப்பு வேலை நடக்கும்போதே பழைய போனிலிருந்து தரவு எடுப்பதாகச் சொல்லுங்கள். ஒயரைச் செருகியதும் ஐபோன் 'நம்பலாமா' என்று கேட்கும், சம்மதியுங்கள். இடையில் சாம்சங் திரையில் ஒரு க்யூஆர் குறி வரும். அதை ஐபோன் கேமராவால் ஸ்கேன் செய்தால் வாட்ஸ்அப் தானாகத் திறந்து, அரட்டைகளை அனுப்பத் தயாராகும். முடியும்வரை அந்தத் திரையை விட்டு வெளியே போகாதீர்கள். தொடர்புகளும் காலண்டரும் இதே ஓட்டத்தில் வந்துவிடும். பிறகு புதுப் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, அதே எண்ணால் உள்நுழையுங்கள். வாட்ஸ்அப் அழைப்புகளின் பட்டியல் மட்டும் வராது.

ஐகிளவுடில் பேக்கப் இருக்கிறதே என்று நினைக்கவேண்டாம். ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் அதை எட்டிக்கூடப் பார்க்காது.

சிம்மை எடுக்கும் முன்

ஐபோனில் ஆப்பிளின் செய்தி, வீடியோ அழைப்பு வசதிகளான ஐமெசேஜையும் ஃபேஸ்டைமையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மற்ற ஐபோன்காரர்கள் அனுப்பும் செய்திகள் உங்களுக்கு வராமலே போகலாம். கணக்குகளில் உள்நுழைய ரகசிய எண் தரும் கூகுள் ஆதென்டிகேட்டர் செயலி வைத்திருந்தால், அதில் கணக்குகளை இடமாற்றும் வசதியைத் திறந்து புதுப் போனில் ஸ்கேன் செய்யுங்கள்.

சிம் அட்டையை அப்படியே எடுத்துப் புதுப் போனில் போடுவதுதான் நல்லது. இதுதான் சாக்கு என்று அன்றைக்கே இ-சிம்முக்கு (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் சிம்) மாறாதீர்கள். நம் நாட்டில் பழைய சிம்முக்குப் பதிலாகப் புது சிம்மோ இ-சிம்மோ எடுத்தால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகாது, வராது. மோசடியைத் தடுக்க வைத்த விதி. யுபிஐ செயலிகளோ உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் போனைச் சரிபார்க்கின்றன. ஆக, ஒரு நாள் முழுக்க ஜிபே இல்லாமல், ஓடிபி இல்லாமல் நிற்கவேண்டியிருக்கும். எப்படியானாலும் அன்று பர்ஸில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். புதுப் போனில் யுபிஐ தொடங்கியவுடன் அனுப்பும் தொகைக்கு வரம்பு குறைவாக இருக்கும்.

பழைய வாட்சைப் பிரிப்பது

பலர் தவறுவது இங்கேதான். வாட்சிலேயே போய் எல்லாவற்றையும் அழித்தால் போதாது. உங்கள் ஆப்பிள் கணக்கின் பூட்டு அதில் அப்படியே இருக்கும். வாங்கியவர் திறக்க முடியாமல் உங்களுக்குப் போன் செய்வார். வாட்சையும் ஐபோனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஐபோனின் வாட்ச் செயலியில் 'ஆல் வாட்சஸ்' போய், வாட்சின் பக்கத்தில் உள்ள ஐ குறியைத் தொட்டு, 'அன்பேர்' கொடுங்கள். ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல் கேட்கும். அதைக் கொடுத்தால்தான் பூட்டு விலகும்.

புது வாட்ச், விசைப்பலகை

கேலக்ஸி வேரபிள் செயலியை இறக்கி, வாட்சை ஆன் செய்தால் மீதியை அதுவே சொல்லும். எந்தெந்தச் செயலியின் அறிவிப்பு மணிக்கட்டுக்கு வரவேண்டும் என்பதை மட்டும் முதல் நாளே தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் குடும்ப குரூப்பின் காலை வணக்கம் ஒவ்வொன்றுக்கும் கை அதிரும்.

தமிழில் தட்டச்சு செய்யும் விசைப்பலகைகளான அஞ்சல், தமிழ்99 இரண்டும் ஐபோனில் உள்ளேயே இருந்தன. அந்த விசைகள் கைப்பழக்கமானவர்கள் ஆண்ட்ராய்டில் செல்லினம் என்ற விசைப்பலகைச் செயலியைப் போட்டுக்கொள்ளலாம். அக்காவுக்கு அதன் பிறகுதான் புதுப் போன் பிடித்தது.

பழைய ஐபோனை ஒரு மாதமாவது அலமாரியில் வைத்திருங்கள். ஏதாவது ஒரு வங்கிச் செயலியோ, மறந்துபோன குறிப்போ கட்டாயம் அதில் மிச்சமிருக்கும். விற்கும் நாளில், தொலைந்த போனைத் தேடும் 'ஃபைண்ட் மை' வசதியை அணைத்து, ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, பிறகு அழியுங்கள்.