செகாவைப் பதிவுசெய்வது எப்படி: மொரீஷியஸ் காட்டும் வழி

முரசு அடித்துப் பாடி ஆடும் மொரீஷியசின் மரபுக் கலையான செகா, யுனெஸ்கோவின் மரபுக் கலைகளுக்கான பட்டியலில் 2014-இல் ஏறியது. போஜ்புரி கல்யாணப் பாட்டான கீத்-கவாய் 2016-இலும், ரொட்ரிக்ஸ் தீவின் முரசுச் செகாவான செகா தாம்பூர் 2017-இலும் சேர்ந்தன. 1968-க்கும் 1973-க்கும் இடையில் சொந்தத் தீவுகளிலிருந்து வெளியேற்றப்பட்ட சாகோஸ் மக்களின் செகா தாம்பூர், 2019-இல் அவசரப் பாதுகாப்புப் பட்டியலுக்குப் போனது.

இதற்கெல்லாம் முன்னால் நடக்க வேண்டியது, நாட்டுக்குள் இருக்கும் கலைகளைக் கணக்கெடுத்துப் பட்டியலிடுவது. அதைத் தொடங்கும்போதே கலைஞர்களிடம் சம்மதம் வாங்குங்கள். அவர்கள் பேசும் கிரியோல் மொழியில், எது பதிவாகும், யார் பார்ப்பார்கள் என்று விளக்கிவிட்டு வாங்குங்கள். எழுதத் தெரியாதவரின் சம்மதத்தைக் குரலாகப் பதியலாம். ஒரே கடிதத்தை நகலெடுத்துப் பலரிடம் கையெழுத்து வாங்கினால் யுனெஸ்கோவின் மதிப்பீட்டில் கேள்வி வரும்.

படம்பிடிக்க உட்காரும்போது ரவான் முரசிலிருந்து தொடங்குங்கள். வட்ட மரச்சட்டத்தில் ஆட்டுத்தோல் போர்த்திய கருவி அது. காற்றில் ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து ஓசை மந்தமாகிவிடும். தீயில் காட்டினால் இறுகி கணீரென்று கேட்கும். பறை காய்ச்சிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆகவே தீ மூட்டும்போதே கேமரா ஓட வேண்டும். கலைஞர் முரசை எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறார், எப்போது தட்டிப் பார்க்கிறார், எந்த ஓசையில் போதும் என்கிறார், இவைதான் கலையின் நுணுக்கம். காய்ச்சுவதற்கு முன்னும் பின்னும் ஒரே தாளத்தை வாசிக்கச் சொல்லிப் பதியுங்கள். பாடகருக்குத் தனி மைக் வையுங்கள், இல்லையென்றால் முரசு குரலை விழுங்கிவிடும்.

மரவான் என்ற கருவியைக் குலுக்கிதானே என்று விட்டுவிடாதீர்கள். கரும்பின் பூத்தண்டுகளைச் சேர்த்துக் கட்டி, உள்ளே விதை போட்டுச் செய்வது. கரும்பு பூக்கும் பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான்.

பாடல் வரிகள் பெரும்பாலும் அந்தந்த நேரத்தில் கட்டப்படுபவை. ஒன்றைச் "சரியான பாடம்" என்று முடிவுசெய்துவிட்டால் மற்றவை செத்துப்போகும். நாளும் இடமும் குறித்து, பாடியபடியே எழுதுங்கள். ஹோட்டல் மேடைக்காகச் சுருக்கி ஆடுவதை மட்டும் பதிவது மிகப் பெரிய பிழை. வீட்டு முற்றத்து ஆட்டத்தையும் தேடிப் போக வேண்டும்.

யுனெஸ்கோ விண்ணப்பத்துக்கு 10 புகைப்படங்கள், 5 முதல் 10 நிமிட வீடியோ, சம்மத ஆவணங்கள், நாட்டுப் பட்டியலில் இடம்பெற்றதற்கான சான்று ஆகியவை தேவை. கடைசி நாள் மார்ச் 31. முடிவு அடுத்த ஆண்டின் இறுதியில்தான் வரும். அந்த இடைவெளியில் காய்ச்சும் வேலையை இளையவர் கையில் கொடுத்துப் பழக்குங்கள். ஆசான் பக்கத்தில் நின்று காது கொடுக்கட்டும்.