நேற்று வரை ஓடிய கிரான் ஜாப் இன்று ஏன் ஓடவில்லை?

லினக்ஸ் சர்வரில் குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே ஓட்டும் சர்வீஸ்தான் கிரான்; அது ஓட்டும் வேலை ஒவ்வொன்றும் ஒரு ஜாப். ஜாப் நின்றுவிட்டது என்றதும் ஸ்கிரிப்டைத் திறந்து திருத்தத் தொடங்காதீர்கள். கிரான் அதைத் தொடங்கவே இல்லையா, தொடங்கியபின் பாதியில் விழுந்ததா என்பதை முதலில் பாருங்கள். அது லாக்கில் (பதிவுக் கோப்பில்) தெரியும்: உபுண்டு, டெபியனில் /வார்/லாக்/சிஸ்லாக். ரெட் ஹாட் வகையில் /வார்/லாக்/கிரான். சிஸ்லாக் இல்லாத சர்வரில் 'ஜர்னல்சிடிஎல் -யு கிரான்'. ஓட வேண்டிய நேரத்துக்கு நேராக 'சிஎம்டி' என்று ஒரு வரி இருந்தால் கிரான் ஜாபைத் தொடங்கிவிட்டது என்று மட்டுமே பொருள். வேலை முடிந்தது என்பதற்கு அது சான்று அல்ல.

வரியே இல்லையா? 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கிரான்' அடித்து சர்வீஸ் உயிரோடு இருக்கிறதா பாருங்கள் (ரெட் ஹாட்டில் பெயர் கிரான்டி). பிறகு அந்த யூசராகவே நுழைந்து 'கிரான்டேப் -எல்' அடித்து ஜாப் பட்டியலைப் பாருங்கள். காலியாக வந்தால், யாரோ பட்டியலைத் திருத்த -இ அடிக்கப்போய் -ஆர் அடித்திருக்கலாம். கீபோர்டில் இரண்டும் அடுத்தடுத்த எழுத்துகள். -ஆர் ஒரு கேள்வியும் கேட்காமல் மொத்தத்தையும் அழித்துவிடும்.

பலரும் பார்க்கத் தவறுவது பாஸ்வேர்டு காலாவதி. லாக்கில் 'ஆதென்டிகேஷன் டோக்கன் இஸ் நோ லாங்கர் வேலிட்' என்று இருந்தால் அதுதான். நேற்று வரை ஓடியது இன்று சட்டென நிற்கும். ஸ்கிரிப்டில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. 'சேஜ் -எல்' உடன் யூசர் பெயரைக் கொடுத்தால் தேதி தெரியும். யாரும் லாகின் செய்யாத சர்வீஸ் அக்கவுண்ட் என்றால் 'சேஜ் -எம் -1' உடன் யூசர் பெயரைப் போட்டு காலாவதியை நீக்குங்கள். இங்கே எம் பெரிய எழுத்து. சின்ன எம், பாஸ்வேர்டை மீண்டும் மாற்றும் முன் காத்திருக்க வேண்டிய குறைந்தபட்ச நாளை மாற்றும்.

நேரம் தள்ளிப்போனாலும் நின்றதுபோலவே தோன்றும். சர்வர் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால் 2 மணிக்கு என்று எழுதிய ஜாப் இந்திய நேரம் காலை 7:30-க்குத்தான் ஓடும். டைம்சோனை மாற்றினால் கிரானையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

'சிஎம்டி' வரி இருந்தும் வேலை நடக்கவில்லை என்றால், ஜாப் வரியின் கடைசியில் >> போட்டு ஒரு லாக் கோப்பின் பெயரையும் 2>&1 என்பதையும் சேருங்கள். பிழை வாய் திறக்கும். 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்றால் பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) பிரச்சினை: கிரானுக்குப் பொதுவாக /யுஎஸ்ஆர்/பின், /பின் இரண்டுதான் தெரியும், முழுப் பாதையைக் கொடுங்கள். பேக்கப் பெயரில் தேதி சேர்த்த நாளிலிருந்து நின்றதா? கிரான்டேப் வரியில் % வந்தால் அதற்குப் பின்னால் இருப்பது கட்டளையாகாது. \% என்று எழுதுங்கள். 'டிஎஃப் -எச்' இடம் காட்டினாலும் 'டிஎஃப் -ஐ' அடித்து ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு இடம்) தீர்ந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

பிழையே பதிவாகவில்லையென்றால், ஒரே ஜாப் ஒரே நேரத்தில் இரண்டு முறை ஓடாதபடி பூட்டுப் போடும் ஃப்ளாக் கட்டளையைச் சந்தேகியுங்கள். மூன்று நாளுக்கு முன் தொடங்கிய பிராசஸ் ஒன்று டேட்டாபேஸின் பதிலுக்காகத் தொங்கிக்கொண்டு பூட்டைப் பிடித்திருக்கும். 'ஃப்ளாக் -என்' ஒவ்வொரு முறையும் சத்தமில்லாமல் திரும்பிவிடும். 'பிஎஸ்' போட்டு அந்தப் பழையதைக் கண்டுபிடித்துக் கொல்லுங்கள். மணிக்கொருமுறை ஓடும் ஜாபானால், ஃப்ளாக்குக்கும் ஸ்கிரிப்டுக்கும் நடுவில் 'டைம்அவுட் 3000' சேர்த்துவிடுங்கள். 50 நிமிடத்தில் முடியாதது தானே வெட்டப்படும், அடுத்த மணிக்குப் பூட்டு திறந்திருக்கும்.