ஆப்ட் உடைந்தால் அவசரப்பட்டு செய்யக் கூடாதவை

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கம் உபுண்டு லினக்ஸ் ஓடுகிற டிடிபி கடைகளில், சாஃப்ட்வேர்த் தொகுப்புகளை நிறுவி அப்டேட் செய்கிற ஆப்ட் கெட்டுப்போகிற கதை ஏறக்குறைய ஒன்றுதான். அப்டேட் பாதியில் இருக்கும், கரண்ட் போகும், யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்திருக்கும். இது சின்னக் கோளாறு. என்ன கட்டளை கொடுக்க வேண்டும் என்று ஆப்டே திரையில் எழுதிக் காட்டும்: ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’. ஆப்டுக்கு அடியில் இருந்து தொகுப்புகளை நிறுவுகிற கருவிதான் டிபிகேஜி; பாதியில் நின்ற அமைப்பு வேலைகளை இந்தக் கட்டளை முடித்துவிடும். அப்புறமும் சார்புத் தொகுப்பு (ஒரு தொகுப்பு ஓடுவதற்குத் தேவையான இன்னொன்று) எதுவும் குறைந்தால் ‘சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’. பெரும்பாலும் இதோடு சரியாகிவிடும். ஃபார்மட் வரை இழுத்துக்கொண்டு போவது, இதைச் செய்யாமல் நாம் பார்க்கிற கைவைத்தியம்தான்.

“அண்ணாச்சி, லாக் ஃபைலை அழிச்சாச்சு, இப்பம் ஒண்ணுமே ஓட மாட்டேங்கு” என்று ஃபோன் வரும். ஒரே நேரத்தில் இரண்டு புரோகிராம்கள் தொகுப்புகளில் கைவைக்காமல் தடுக்கிற பூட்டுக் கோப்பு அது; எப்போதும் அங்கேதான் கிடக்கும், அதில் தப்பே இல்லை. ஏதாவது ஒரு புரோகிராம் அதைப் பிடித்து வைத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. பிடித்திருந்த புரோகிராம் நின்றால் லினக்ஸின் மையமான கெர்னலே பூட்டை விடுவித்துவிடும். ஆகவே ‘லாக் கிடைக்கவில்லை’ என்று வந்தால், உள்ளே வேறொன்று இன்னும் வேலை செய்கிறது என்று அர்த்தம். அநேகமாக அது தானாகக் கிளம்பி அப்டேட் போடுகிற அனட்டெண்டட் அப்கிரேட்ஸ். புதிய பதிப்புகளில் அதன் பெயரும் புராசஸ் எண்ணும் அந்தச் செய்தியிலேயே இருக்கும். கோப்பை அழித்தால் அடுத்து வருகிற ஆப்ட் புதுக் கோப்பை உருவாக்கிப் பூட்டிக்கொள்ளும். இரண்டும் ஒரே பதிவேட்டில் எழுத ஆரம்பிக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், அதற்குள் அது முடிந்திருக்கும்.

பிழைச் செய்தியின் கடைசி வரியை மட்டும் படிப்பது இன்னொரு பழக்கம். காரணம் மேலே இருக்கும். ‘இடம் இல்லை’ என்று இருந்தால் டிஸ்க்கில் மிச்ச இடம் காட்டுகிற ‘டிஎஃப் -எச்’ போட்டு, கம்ப்யூட்டரைக் கிளப்பும் கோப்புகள் இருக்கிற பூட் பகிர்வு பழைய கெர்னல்களால் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். ‘ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று வந்தால் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கிற காசு மாதிரி பேட்டரி தீர்ந்து, பழைய டெஸ்க்டாப் பல வருடம் பின்னால் போயிருக்கும். இதற்கு ரெப்போவை (தொகுப்புகள் வந்து இறங்குகிற சர்வரை) மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை.

ரெப்போக்களைக் கலப்பது தனிச் சங்கடம். அரசு கொடுத்த பழைய எல்காட் லேப்டாப்பில் வந்த பாஸ் லினக்ஸ், டெபியன் என்கிற லினக்ஸ் வழி வந்தது. புது சாஃப்ட்வேருக்கு ஆசைப்பட்டு அதில் உபுண்டு ரெப்போ வரியைச் சேர்த்தால், ஏறக்குறைய எல்லா புரோகிராமும் நம்பியிருக்கிற அடிப்படை நூலகமான லிப்சி முதல் பலதும் பதிப்பு மாறி நிற்கும். ஏறிவிட்ட லிப்சியைக் கீழே இறக்குவது பெரும்பாடு.

வம்படியாகத் தள்ளுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். 2021இல் யூடியூபில் பலரும் பார்த்த ஒரு சம்பவம்: உபுண்டு வழி வந்த பாப் ஓஎஸ்ஸில் கேம் சாஃப்ட்வேரான ஸ்டீமை நிறுவப் போனவருக்கு, தொகுப்பில் இருந்த ஒரு பிழையால், முக்கியமான தொகுப்புகளை நீக்கப் போவதாக ஆப்ட் எச்சரித்தது. அவர் படிக்காமல் ‘ஆமாம், சொன்னதைச் செய்’ என்று அடித்தார். டெஸ்க்டாப்பே போய்விட்டது. தடைகளை மீறிச் செய்யச் சொல்லி டிபிகேஜிக்குக் கொடுக்கிற ‘--ஃபோர்ஸ்-ஆல்’ அதே ரகம். ‘நீக்கப்படுபவை’ பட்டியலில் தெரியாத பெயர்கள் நீண்டால் ‘என்’ அடித்து வெளியே வாருங்கள்.

கரண்ட் போனதில், நிறுவியவற்றின் பட்டியலான டிபிகேஜியின் ஸ்டேட்டஸ் கோப்பே காலியாகி, நிறுவியது எதுவுமே இல்லை என்று காட்டினாலும் பதற வேண்டாம். டெபியன், உபுண்டு இரண்டும் அதற்கு நகல் எடுத்து ‘/வார்/பேக்கப்ஸ்’ அடைவில் போட்டு வைக்கும். ‘டிபிகேஜி.ஸ்டேட்டஸ்.0’ என்பது அண்மையது. கெட்ட கோப்பை வேறு பெயரில் ஒதுக்கிவிட்டு, நகலை ‘/வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ்’ என்ற இடத்தில் வையுங்கள். அந்த நகலுக்குப் பிறகு நிறுவியவை அதில் இருக்காது, ‘/வார்/லாக்/டிபிகேஜி.லாக்’ கோப்பைப் பார்த்து அவற்றை மட்டும் மறுபடி நிறுவினால் போதும்.